எஸ்.பி. ரோட்டு மாடிக்கடையும் சேவ் கொடுத்தால் விழுந்த கம்ப்யூட்டரும்

எங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்த கடையின் பெயரைக் கேட்காதீர்கள். எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம்க்கா, இருக்கிற வேலைக்கே கை பத்தல" என்றுவிட்டார் அந்தத் தம்பி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேபிள் விற்கும் கடைக்கும் சிசிடிவி கேமரா விற்கும் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி இருக்கிறது. மேலே போனால் வலது பக்கம் இரண்டாவது கதவு. பலகை கிடையாது. கதவில் ஒரு பழைய மதர்போர்டை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார், அதுதான் அடையாளம். தேடுகிறவர்களுக்கு இது போதும். தம்பிக்கும் நான் வாக்குத் தவறியதாக ஆகாது.

அல்சூரில் எங்களுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக். 2018இல் இந்த ஊரில் ஃப்ளெக்ஸுக்குத் தடை வந்ததிலிருந்து தெருவில் கட்டுகிற பேனர் வேலை போய்விட்டது. மண்டபத்துக்குள் மேடைக்குப் பின்னால் கட்டும் பேக்டிராப் மட்டும் துணியில் அடித்துக் கொடுக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம் என்று பத்திரிகை அடிக்கும் குடும்பங்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். கடையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றுக்கும் பொதுவாகப் பின்னறையில் ஒரு சர்வர். சர்வர் என்றதும் கண்ணாடி அலமாரி, ஏசி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு பழைய டவரில் லினக்ஸ் போட்டு, இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டி, என் அக்கா மகன் அமைத்துக் கொடுத்தது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். சர்வர் கரண்ட் மீட்டருக்குக் கீழே ஸ்டூல்மேல் இருக்கிறது. எங்கள் ஃபைல் எல்லாம் அதில்தான். விண்டோஸில் பார்த்தால் இசட் டிரைவ் என்று காட்டும்.

போன தீபாவளி முடிந்து கடை திறந்த வாரம் முதல் தடவை விழுந்தது. டிசைன் செய்யும் பெண் ஒரு பேக்டிராப்பை முடித்து சேவ் கொடுத்தாள். பாதியில் திரை நீலமாகி, அந்த அழுமூஞ்சி வந்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. கரண்ட் ஏதோ என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் இரண்டு தடவை. கார்த்திகை பிறந்த பிறகு நாளுக்கு மூன்று, நான்கு. தை முதல் முகூர்த்தக்காரர்கள் கார்த்திகையிலேயே பத்திரிகைக்கு வந்துவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் கை ஒழியாத நேரம். அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் "சேவ்" என்ற வார்த்தையைக் கேட்டாலே மயக்கம் போட்டு விழுந்தால் எப்படி இருக்கும்?

விழுவதைவிட, விழுந்து எழுந்த பிறகு நடப்பதுதான் பெரிய தலைவலி. சர்வரில் அந்த ஃபைல் இருக்கும், சைஸைப் பார்த்தால் ஜீரோ கேபி. இல்லாவிட்டால் பாதி எழுதப்பட்டு, திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வரும். சில நேரம் திறக்கவே விடாது, "இந்த ஃபைலை வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று சொல்லும். யார் அந்த வேறொருவர்? நாங்களேதான். சேவ் பண்ணிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விழுந்தது சர்வருக்கு உடனே தெரிவதில்லை, பழைய பூட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். கோரல் டிராவில் செய்த பத்திரிகைகள் பிழைத்துக்கொண்டன. அது சேவ் செய்யும்போது முந்தைய வடிவத்தை "பேக்கப் ஆஃப்" என்று ஆரம்பிக்கும் பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும். போட்டோஷாப்பில் செய்த பேக்டிராப்புகள்தான் போயின. ஒரு பெண் வீட்டாரின் பேக்டிராப்பை மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை மணமகன் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போனது, அதற்கும் பேச்சு வாங்கினேன்.

தம்பியிடம் போகும் முன்னால் இரண்டு இடத்தில் காசு கொடுத்தேன். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி எதில் வேறுபட்டவர் என்று புரியாது.

முதல் கடை எங்கள் வீட்டுப் பக்கம். நான் வாய் திறந்து முடிப்பதற்குள் "ரேம் போயிருக்கும் மேடம்" என்றார்கள். கேபினெட்டைத் திறந்து, தூசி ஊதி, 8 ஜிபி ரேம் புதிதாகப் போட்டு 2,300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். திரை நீலமானபோது எங்கள் டிசைன் பெண் மொபைலில் எடுத்த படத்தைக் காட்டினேன், பார்க்கவில்லை. ரேம் கெட்டாலும் நீலத்திரை வரும் என்பது உண்மைதான். ஆனால் ரேம் கோளாறு என்றால் பாட்டுக் கேட்கும்போதும் விழ வேண்டும், சும்மா இருக்கும்போதும் விழ வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்துகள் வர வேண்டும். எங்களுடையது சேவ் கொடுத்தால் மட்டும் விழும், ஒரே எழுத்துகளோடு விழும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எங்கள் கடைக்கு வந்து, புது ரேமோடு, அதே பேக்டிராப்பை சேவ் செய்தோம். விழுந்தது.

இரண்டாவது, போன் செய்தால் ஆளை அனுப்பும் சர்வீஸ். வந்தவர், "விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, அதனால்தான் இப்படி ஆகிறது, ஃபார்மட் போட வேண்டும்" என்றார். 2025 அக்டோபர் 14 என்ற தேதி சரி. அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் தானாகப் பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்தியது. ஆனால் அப்டேட் நின்றதற்காகக் கம்ப்யூட்டர் சேவ் பண்ணும்போது விழுமா என்று கேட்கும் அறிவு அன்றைக்கு எனக்கில்லை. தேதியைக் கேட்டதும் எங்கள் தொல்லையும் அந்தச் சமயத்தில்தானே ஆரம்பித்தது என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஃபார்மட் போட்டார். எங்கள் கம்ப்யூட்டர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது, அதனால் திரும்பவும் 10 தான். 1,500 ரூபாய். போனது காசு மட்டுமல்ல. இருபது வருஷமாகச் சேர்த்த தமிழ் ஃபான்ட் எல்லாம் அந்த மிஷினில் இருந்தது. டிடிபிகாரர்களுக்குத் தெரியும், யூனிகோட் வருவதற்கு முன்னால் செய்த ஃபைல்களை அந்தந்தப் பழைய ஃபான்ட் இல்லாமல் திறந்தால் "சிரஞ்சீவி" இருந்த இடத்தில் பூச்சி பூச்சியாக ஏதோ இருக்கும். கன்னடம் தட்ட உதவும் நுடி மென்பொருளையும் சேர்த்துத் திரும்ப ஏற்ற இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை சேவ் கொடுத்தோம். அதே அழுமூஞ்சி.

அன்று சாயங்காலம் தாள் வாங்க சிக்பேட்டை போனபோது கடைக்காரரிடம் புலம்பினேன். அவர்தான் இந்தத் தம்பியைச் சொன்னார். எங்களுக்குப் போகிற வழி சுலபம். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக் கோட்டுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடக்க வேண்டியதுதான். வண்டி எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால், நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அந்தத் தெருவில் பாதிக்குமேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழில் கன்னடம் கலந்து பேசுகிறார். நான் சிபியூவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதைத் தொடவே இல்லை. கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த புரோகிராமில் சேவ் பண்ணும்போது? எந்த டிரைவில்? டி டிரைவில் அதே ஃபைலை சேவ் பண்ணினால் விழுமா? சர்வரிலிருந்து ஃபைலைத் திறந்தால் விழுமா? சின்ன ஃபைல் என்றால்? மற்ற இரண்டு கம்ப்யூட்டரும் விழுமா?

பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்கு போன் போட்டு அந்தப் பெண்ணிடம் ஸ்பீக்கரில் கேட்டோம். டி டிரைவில் விழாது. சர்வரிலிருந்து திறந்தால் விழாது. விசிட்டிங் கார்டு மாதிரி சின்ன ஃபைல் என்றால் சர்வரிலும் விழாது. பெரிய ஃபைலை, சர்வருக்கு அனுப்பும்போது மட்டும். அதே மாதிரி மதர்போர்டு உள்ள இன்னொரு கம்ப்யூட்டரும் எப்போதாவது விழும், ஆனால் அதில் பில் புக் வேலைதான் நடக்கும். மூன்றாவது மிஷின் வேறு கம்பெனி போர்டு, அது விழுந்ததே இல்லை.

அப்புறம் மொபைல் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் கடையில் பார்க்க மறுத்த அதே படம். கீழே "டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே "வாட் ஃபெயில்ட்" என்று போட்டு ஒரு ஃபைல் பெயர், ஆனால் அந்த இடத்தில் டியூப்லைட் பிரதிபலித்து எழுத்து தெரியவில்லை. "இது டிரைவர் சமாச்சாரம்க்கா" என்றார். ஒரு சாதனத்தை ஓட்டும் மென்பொருளான டிரைவர், அவசரகதியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் வரும் பிழை அது. வேர்டோ கோரலோ தப்புப் பண்ணினால் அந்த ஜன்னல் மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்கள் விண்டோஸின் அடிவயிற்றில் இருந்து வேலை செய்பவை. அங்கே தப்பு நடந்தால், தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் உள்ளதே கெட்டுவிடும் என்று விண்டோஸ் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் விழுந்து, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதுவும் இந்த ரகம்தான் என்றார். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு அப்டேட், அடிவயிற்றில் உட்கார்ந்திருந்த அதன் டிரைவரைத் தடுக்கி விழ வைத்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு 85 லட்சம் கம்ப்யூட்டர்.

இப்படி விழும்போதெல்லாம் விண்டோஸ் ஒரு மரண வாக்குமூலம் எழுதிவைக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு ஃபைல். எங்களுடையதைத் திறந்தார். ஒன்றே ஒன்று, அன்று காலை விழுந்தது. "முன்னாடி இருந்ததெல்லாம் எங்கேக்கா?" ஃபார்மட். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாட்சிகளை எல்லாம் கொன்றுவிட்டு வந்து விசாரிக்கச் சொல்கிறாயா என்பது போல.

அந்த ஒரு ஃபைலைப் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்தார். அது நிர்சாஃப்ட் என்ற தளத்தில் கிடைக்கிறது, கடை வைத்திருப்பவர்கள் யாரும் இறக்கிக்கொள்ளலாம். சிவப்பாக ஒரு வரி: நெட்வொர்க் கார்டின் டிரைவர். எனக்கு அப்போதே சந்தோஷம், ஆள் கிடைத்துவிட்டான் என்று. தம்பி தலையசைத்தார். ஒரே சாட்சியை வைத்துத் தூக்கில் போடக்கூடாதாம். நெட்வொர்க் வழியில் குறுக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதிக்கும் ஆன்டிவைரஸ் கெடுத்து வைத்ததை, அடுத்து வருகிற டிரைவர் தொட்டு மாட்டிக்கொள்வதும் உண்டாம். மறுநாள் கடைக்கே வருகிறேன் என்றார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் பதினொரு மணி என்று சொல்லி ஒன்றரைக்கு வந்தார். போன் எடுக்கவே மாட்டார், இதை எழுதித்தான் ஆக வேண்டும். வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டால் இரவு பதினொரு மணிக்குப் பதில் வரும்.

வந்தவர் முதலில் ஆன்டிவைரஸைச் சந்தேகப்பட்டார். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னலில் எஃப்எல்டிஎம்சி என்று தட்டினால், ஃபைல் எழுதும் வழியில் யார் யார் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதில் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தது. அதை முழுதாக நீக்கிவிட்டு, பேக்டிராப்பை சேவ் கொடுத்தோம். விழுந்தது. "என் கணக்கு தப்புக்கா" என்றார், அவ்வளவு சாதாரணமாக. இருபத்திரண்டு வருஷத்தில் ரிப்பேர் செய்ய வந்த யார் வாயிலும் நான் கேட்காத வார்த்தை.

அடுத்துதான் அந்தக் கேள்வி. "எப்பலேர்ந்து விழுது?" தீபாவளிக்கு அப்புறம். "தீபாவளிக்கு என்ன வாங்கினீங்க?" ஒன்றும் வாங்கவில்லை என்றேன். கட்டிங் மிஷினில் நிற்கும் எங்கள் அண்ணன்தான் அங்கிருந்தே, "ஏம்மா, அந்த லைட்டு மின்னுற பொட்டி?" என்றார். ஆமாம்! கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றி ஜிகாபிட் ஸ்விட்ச் போட்டிருந்தோம். ஆயுத பூஜைக்கு வாங்கி, தீபாவளி விடுமுறையில் மாட்டியது. அந்த மிஷினுக்குப் போகும் கேபிளும் அப்போதே புதுசாகப் போட்டது.

பழைய ஸ்விட்ச் பரணில் மாவிலைத் தோரணத்தோடு இருந்தது. இறக்கி, துடைத்து, அதை மாட்டினார். அது நொடிக்கு 100 மெகாபிட் வேகம்தான் கொடுக்கும். அதே 520 எம்பி பேக்டிராப். முக்கால் நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, நின்று நிதானமாக ஏறியது. விழவில்லை. பத்து தடவை காப்பி போட்டுப் பார்த்தோம், விழவில்லை. புது ஸ்விட்சை மாட்டினோம். மூன்றாவது தடவை விழுந்தது. அப்புறம் அவர் பையிலிருந்து யூஎஸ்பியில் செருகும் ஒரு லேன் அடாப்டரை எடுத்து, புது ஸ்விட்சிலேயே மாட்டி, மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் கார்டை ஓரம் கட்டினார். அப்போதும் விழவில்லை. ஆக ஸ்விட்சில் குற்றமில்லை, கேபிளில் இல்லை, சர்வரில் இல்லை. போர்டோடு வந்த அந்த நெட்வொர்க் கார்டின் டிரைவர், முழு வேகத்தில் அனுப்பச் சொன்னால் தடுக்கி விழுகிறது.

ஏன் அனுப்பும்போது மட்டும்? இதை அவர் விளக்கியது கட்டிங் மிஷினைக் காட்டித்தான். நெட்வொர்க்கில் ஒரு தடவைக்கு 1500 பைட் அளவுள்ள துண்டைத்தான் சாதாரணமாக அனுப்ப முடியும். எங்கள் பேக்டிராப் போக வேண்டுமென்றால் மூன்றரை லட்சம் துண்டுகளுக்கு மேல் வெட்ட வேண்டும். இந்த வெட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்யலாம். அல்லது, பெரிய தாளைக் கட்டாக நாம் அண்ணனிடம் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது போல, பெரிய பெரிய கட்டாக நெட்வொர்க் கார்டிடம் கொடுத்து நீயே வெட்டிக்கொள் என்று சொல்லலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் லார்ஜ் சென்ட் ஆஃப்லோட். பெயரிலேயே "சென்ட்" இருக்கிறது, வாங்குகிற வழிக்கு இதில் வேலை இல்லை. அதனால்தான் சர்வரிலிருந்து எவ்வளவு பெரிய ஃபைலைத் திறந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன ஃபைலில் கட்டு சின்னது, சமாளித்துவிடும். ஸ்விட்ச் பழசாக இருந்தவரை மெதுவாகக் கேட்டது, மெதுவாக வெட்டியது. வேகம் பத்து மடங்கானதும் கை நடுங்கிவிட்டது.

ஃபார்மட் போட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஃபார்மட் போட்டவர் தன் பென்டிரைவிலிருந்து ஏற்றிய டிரைவரின் தேதியைக் காட்டினார். எட்டு வருஷம் பழசு. அதாவது வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, ஒழுகுகிற அதே பழைய குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி செய்த விதம் இதுதான், யாருக்காவது உதவும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குப் போனால் லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் என்று இரண்டு வரி இருக்கும், ஐபிவி4க்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று. இரண்டையும் டிசேபிள்டு என்று மாற்றினார். அப்புறம் மதர்போர்டின் மாடல் நம்பரைப் படித்து, அதைச் செய்த கம்பெனியின் தளத்துக்கே போய்ப் புது டிரைவரை இறக்கிப் போட்டார். வேறு எங்கிருந்தும் "டிரைவர் பேக்" என்று வருவதை ஏற்றாதீர்கள் என்றார். புது டிரைவர் போட்டதும் அந்த இரண்டு வரியும் திரும்ப எனேபிள்டு ஆகிவிட்டிருந்தன, மறக்காமல் பார்த்து மறுபடி அணைத்தார். வெட்டுகிற வேலை இப்போது கம்ப்யூட்டர் தலையில். அதனால் வேகம் குறைந்ததாக எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இடையில் டீ வந்தபோது எங்கள் சர்வரைத் தட்டிக்கொடுத்து, அதில் ஓடுவது சாம்பா என்றார். நான் இத்தனை வருஷமும் சம்பா அரிசி என்றுதான் நினைத்திருந்தேன், அக்கா மகன் வைத்த செல்லப் பெயர் என்று. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைலைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயராம். அதை மற்ற சிஸ்டங்களிலும் நடத்த, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1990களின் தொடக்கத்தில் எழுதியது. முதலில் வைத்த பெயரை வேறொரு கம்பெனி உரிமை கோர, எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லைக் கம்ப்யூட்டரில் இருந்த அகராதியில் தேடவிட்டாராம். அப்படிச் சிக்கியது சாம்பா, பிரேசில் நடனம்.

குறை சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. இரண்டாவது மிஷினும் இதே டிரைவரால்தான் விழுகிறதா என்று பார்க்க, அதில் டிரைவர் வெரிஃபையர் என்று ஒன்றை ஓடவிட்டுப் போயிருக்கிறார். அது டிரைவர்களை வேண்டுமென்றே கடுமையாகச் சோதித்து, தப்புக் கண்டால் அந்த இடத்திலேயே நீலத்திரை போடும் கருவி. விண்டோஸோடு வருவதுதான், தப்பான கருவி இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த மிஷின் விண்டோஸ் திறக்கும்போதே விழுந்து, எழுந்து, திரும்ப விழுந்துகொண்டிருந்தது. பில் புக் செய்யும் பையன் பயந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டான். தம்பி வழக்கம்போல போன் எடுக்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டு, சேஃப் மோடில் போய் வெரிஃபையரை ரீசெட் செய்யச் சொன்னார், சரியானது. சோதனை வைப்பது இருக்கட்டும், ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

கூலி 1,400 ரூபாய், மாடியில் பார்த்ததற்கும் எங்கள் கடைக்கு வந்ததற்கும் சேர்த்து. பொருள் எதையும் விற்கவில்லை. லேன் அடாப்டரை நானே கேட்டேன், "எதுக்குக்கா, உங்க கார்டே நல்லாத்தான இருக்கு" என்று பைக்குள் போட்டுக்கொண்டார். ஜிஎஸ்டி பில் கேட்டபோது மட்டும் கொஞ்சம் முகம் கோணியது, இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் அனுப்பினார். முதல் கடையில் வாங்கிய ரேமை என்ன செய்வது என்று கேட்டேன். இருக்கட்டும், போட்டோஷாப்புக்கு நல்லதுதான் என்றார்.

போகும்போது இன்னொரு யோசனையும் சொன்னார். போட்டோஷாப் ஃபைலை நேராக சர்வரில் சேவ் பண்ணாமல் டி டிரைவில் சேவ் பண்ணி, பிறகு சர்வருக்குக் காப்பி போடுங்கள் என்று. அடோபியே ரொம்பக் காலமாகச் சொல்லிவரும் ஆலோசனையாம் இது. உள் டிஸ்க்கில் வேலை செய், முடித்துவிட்டு நெட்வொர்க்குக்கு நகர்த்து. வழியில் கேபிள் கழன்றாலும் உள்ளே ஒரு முழு ஃபைல் இருக்கும். நியாயம்தான். ஆனால் எங்கள் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே சர்வரில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் ஒரிஜினல்", "அம்மா ஓகே சொன்ன ஃபைனல்" என்று நான்கு இருக்கிறது, இதில் டி டிரைவில் இன்னும் நான்கா என்று கேட்டாள். கடைசியில் பேக்டிராப்புக்கு மட்டும் அப்படிச் செய்வது, பத்திரிகை எல்லாம் நேராக சர்வரில் என்று முடிவானது.

மார்கழி முழுக்கவும், தை பிறந்து இன்றுவரையும் அந்த மிஷின் ஒரு தடவைகூட விழவில்லை. மினிடம்ப் ஃபோல்டரை வாரம் ஒரு தடவை திறந்து பார்ப்பது எனக்கே பழக்கமாகிவிட்டது, புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது மிஷினுக்கும் அந்த இரண்டு வரியை நானே அணைத்துவிட்டேன். புது டிரைவர் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை வந்து போட்டுவிடுகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார். எந்த வியாழன் என்று நான் கேட்கவில்லை.